முன்னுக்கும் பின்னுக்கும் டேஷ் கமரா: வன்னி வீதிகளுக்கு எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி (கிளிநொச்சி): அண்ணை, அல்ட்டோ காருக்கு முன், பின் இரண்டுக்கும் கமரா போட இருக்கிறன். கடையில 4கே ஒன்றும் 2கே ஒன்றும் காட்டினவை. விலை இரண்டு மடங்கு. எதை எடுக்கிறது?

பதில்: 4கே, 2கே எண்டது படத்தில் எத்தனை புள்ளி எண்டதைக் காட்டுற எண். பெட்டியில் எழுதின அந்த எண்ணை விட்டிட்டு உள்ளுக்குள் என்ன சென்சர் (படம் பிடிக்கும் சிப்) எண்டு கேளுங்கோ. சோனி ஸ்டார்விஸ் 2 வரிசையில் ஐஎம்எக்ஸ்678 எண்டால் அது உண்மையான 4கே. ஐஎம்எக்ஸ்675 எண்டால் 2கே. சென்சர் பெயரே சொல்லாத மலிவான "4கே" பெரும்பாலும் சின்னப் படத்தை இழுத்துப் பெருப்பிச்சுத்தான் பதியும்.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கோ. லென்ஸின் அகலம் 120 பாகை எண்டால், 10 மீற்றர் தூரத்தில் உள்ள அரை மீற்றர் அகலத் தகடு 4கேயில் சுமார் 90 புள்ளி (பிக்சல்) அகலத்துக்கு விழும். 2கேயில் 60, சாதாரண ஃபுல் எச்டியான 1080இல் 45. தகட்டில் ஏழு எழுத்து எண்டால் 1080இல் ஒரு எழுத்துக்கு ஆறு புள்ளிதான் வரும். அதை வாசிக்க ஏலாது. ஆனபடியால் முன்னுக்கு உண்மையான 2கேக்குக் குறையாமல் எடுங்கோ. பின்னால் வாற வாகனம் கிட்டத்தான் நிக்கும் எண்டதால அங்கே 1080 போதும். மிச்சக் காசை மெமரி கார்ட்டில் போடுங்கோ.

கேள்வி (வவுனியா): பழைய கமரா வெயிலில வீங்கிக் கண்ணாடியை விட்டுக் கழண்டு விழுந்திட்டுது. எல்லாம் இப்பிடித்தானோ?

பதில்: வீங்கினது அதுக்குள்ள இருந்த லித்தியம் பற்றரி. மூடின காரில் முன்கண்ணாடியோடு ஒட்டின சாமான் மத்தியான வெயிலில் 70 பாகை செல்சியஸை எட்டலாம். இந்த ஊர் வெக்கைக்கு பற்றரிக்குப் பதில் சுப்பர் கப்பாசிற்றர் உள்ளதைத் தவிர வேறொன்றும் வாங்காதேங்கோ. கப்பாசிற்றருக்கு ஒரே வேலைதான்: மின் நின்றதும் கடைசி வீடியோவை மூடிச் சேமிக்கும் சில செக்கன் தாங்கும். வயரைக் கழற்றினால் கமரா ஓடாது, அது பழுதில்லை.

ஒட்டும்போது கண்ணாடியை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைச்சு, காலைக் குளிரில் ஸ்டிக்கரை மட்டும் ஒட்டி, ஒரு நாள் விட்டுக் கமராவைக் கொழுவுங்கோ. ஓரத்தில் உள்ள கறுப்புப் புள்ளிகளின் மேல் ஒட்டினால் பிடிக்காது. வெயில் மறைப்பு அட்டை கமராவைக் கண்ணாடிக்கும் அட்டைக்கும் நடுவில் வைச்சு வேகவைக்கும். கமரா இருக்கும் இடத்தில் அட்டையை வெட்டிவிடுங்கோ.

கேள்வி (புதுக்குடியிருப்பு): ராவில பரந்தன் றோட்டில கட்டாக்காலி மாடுகள், லைற் இல்லாத சைக்கிள்கள். எதிரில வாற ஹெட்லைற்றில படம் வெள்ளையாப் போகுது.

பதில்: எச்டிஆரை (கடும் வெளிச்சத்தையும் இருட்டையும் சமப்படுத்தும் வசதி) இயக்கி வையுங்கோ. செக்கனுக்கு 60 பிரேம் எண்டிருந்தால் 30க்கு இறக்குங்கோ. ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சம் சேர்க்கக் கூடுதல் நேரம் கிடைக்கும். மின்விளக்கு அதிர்வெண்ணை 50 ஹேர்ட்ஸில் வையுங்கோ, இல்லாட்டி தெரு லைற் சிமிட்டும். டாஷ்போர்ட் கண்ணாடியில் பிரதிபலிக்காமல் இருக்கப் போடும் சிபிஎல் வடிகட்டி பகலுக்கு நல்லது, ராவில் வெளிச்சத்தைப் பாதியாக்கும். கழற்றுங்கோ. பின்கண்ணாடியில் கடும் ரின்ற் இருந்தால் எந்தக் கமராவும் ராவில் ஒன்றும் காட்டாது.

ஓடுற வாகனத்தின் இலக்கத்தை ராவில் நம்பியிருக்க வேண்டாம். இடிச்சிட்டு ஓடினால் தகட்டை உங்கள் கண்ணால் பார்த்து வாய்விட்டுச் சொல்லுங்கோ, மைக் பதியும். மைக்கை நிறுத்தி வைக்கிறவைக்கு இது கிடைக்காது.

கேள்வி (மாங்குளம்): அக்வா காருக்கு பார்க்கிங் மோட் (கார் நிக்கிற நேரமும் பதியிறது) வேணும். வயர் அடிக்கிறவர் பியூஸ் பெட்டியில இருந்து எடுக்கலாம் எண்டு சொல்லுறார். பற்றரி இறங்காதோ?

பதில்: இறங்கும், விட்டால். நிப்பாட்டின நேரம் கமரா 0.3 அம்பியர் இழுத்தால் பத்து மணித்தியாலத்துக்கு 3 அம்பியர் மணி. அக்வா போன்ற ஹைபிரிட்டின் 12 வோல்ட் பற்றரி சின்னது. அது இஞ்சினைச் சுற்றாது, கணினியை எழுப்பும், அவ்வளவுதான். ஆனால் இறங்கினால் "ரெடி" வராது, கார் நின்ற இடத்திலேயே நிக்கும். ஹார்ட்வயர் பெட்டியில் (பியூஸ் பெட்டியிலிருந்து கமராவுக்கு மின் குடுக்கும் சின்னப் பெட்டி) பற்றரி இறங்கினால் மின்னை வெட்டும் அளவை 12.2 வோல்ட்டுக்குக் குறையாமல் வையுங்கோ, 12.4 இருந்தால் இன்னும் நல்லது. 11.6 எண்டது லெட் அசிட் பற்றரிக்கு ஏற்கெனவே வெறும் வயிறு. ராவில் வீட்டு வளவுக்குள்ளதான் கார் நிக்குது எண்டால் பார்க்கிங் மோடே வேண்டாம்.

பெரும்பாலான பெட்டிகளில் மஞ்சள் எப்பவும் மின் உள்ள பியூஸுக்கு, சிவப்பு திறப்புப் போட்டால் மட்டும் மின் வாறதுக்கு, கறுப்பு பெயின்ற் இல்லாத பொடி போல்ற்றுக்கு. நிறத்தை நம்பாமல் மீற்றரை வைச்சுப் பாருங்கோ. எயார்பேக், பிரேக், இஞ்சின் பியூஸ்களைத் தொடாதேங்கோ. ரேடியோ, சிகரெட் சொக்கற் போன்றவை போதும். பியூஸ் ராப்பில் (பழைய பியூஸ் இடத்தில் குத்தி இன்னொரு வயருக்கும் மின் எடுக்கும் துண்டு) கமராவுக்கு 2 அல்லது 3 அம்பியர் பியூஸ். ராப்பைப் போட்ட பிறகு பழைய பியூஸை மட்டும் கழற்றிப் பாருங்கோ: கமராவுக்கு மின் வந்தால் சரி, வராட்டி ராப்பைத் திருப்பிக் குத்துங்கோ.

முன் தூணுக்குள் கேர்ட்டின் எயார்பேக் (பக்கவாட்டில் திரை போல விரியும் பை) இருந்தால் வயர் அதற்குப் பின்னால் போகவேணும். முன்னால் போட்டால் எயார்பேக் விரியும்போது வயர் தடுக்கும். இதைக் கவனிக்காத வேலைக்காரரிடம் காரைக் குடுக்காதேங்கோ.

கேள்வி (ஒட்டுசுட்டான்): கிரவல் றோட்டில ஓடினால் "கார்ட் நிறைஞ்சிட்டுது" எண்டு கத்துது. 64 ஜிபி போட்டிருக்கிறன்.

பதில்: ஒவ்வொரு பள்ளத்தையும் விபத்தெண்டு நினைச்சு, அதிர்வை உணரும் ஜி சென்சர் வீடியோவைப் பூட்டுது. பூட்டினது அழியாது, சேர்ந்து சேர்ந்து இடத்தை மூடும். உணர்திறனை ஆகக் குறைவில் வைச்சு, தேவையான வீடியோக்களை எடுத்திட்டு, கமராவிலேயே ஃபோர்மற் பண்ணுங்கோ. பிறகும் மாதம் ஒருக்கால் செய்யுங்கோ.

முன், பின் சேர்த்துச் செக்கனுக்கு 40 மெகாபிற் வேகம் எண்டால் மணிக்கு 18 ஜிபி. 64 ஜிபி சுமார் மூன்றரை மணித்தியாலம்தான் தாங்கும். 128க்குப் போங்கோ, "எண்டியூரன்ஸ்" எண்டு எழுதின கார்டாகப் பார்த்து. போனுக்கு வாங்குற சாதாரணக் கார்ட் ஓயாமல் எழுதி அழிக்கிறதைத் தாங்காது, சத்தமில்லாமல் பதிவை நிறுத்தும். போலிக் கார்டும் இருக்கு. வாங்கினதும் கணினியில் முழுக்க நிரப்பி, திரும்பத் திறந்து பாருங்கோ.

கேள்வி (மன்னார்): நீள வான். பின் கமரா வயர் காணாது.

பதில்: கூட வாறது பெரும்பாலும் 6 மீற்றர். உங்களுக்கு 9, 10 வேணும். அந்தக் கமராவுக்கே உரிய நீள வயரை வாங்குங்கோ, வெட்டி ஒட்டினால் படம் நடுங்கும். பின்கதவு றப்பர் குழாய்க்குள்ளால எடுத்து, கதவு முழுக்கத் திறக்கும் அளவு தளர்வு விடுங்கோ. வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் ஒட்டினால்தான் செம்மண் புழுதியில் படம் தெரியும். சூடேற்றும் கோடுகளின் மேல் ஒட்டாதேங்கோ.

கேள்வி (முல்லைத்தீவு): ஜிபிஎஸ் அவசியமோ?

பதில்: நேரத்தைச் சரியாக வைச்சிருக்கும், நல்லது. நேர வலயம் +5:30. படத்தில் பதியும் வேகம் உங்களுக்கு எதிராகவும் பேசும், அதையும் யோசியுங்கோ.

கேள்வி (பூநகரி): வழக்கு வந்தால் வீடியோவை நீதிமன்றம் ஏற்குமோ?

பதில்: 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியச் சிறப்பேற்பாடுகள் சட்டம் சம்பவ நேரத்துப் பதிவுகளுக்கு இடம் குடுக்குது. விசாரணைத் திகதிக்கு 45 நாளுக்கு முதலே எதிர்த்தரப்புக்கு அறிவிச்சுப் பட்டியல் தாக்கல் செய்யவேணும், அதைச் சட்டத்தரணியிடம் நேரத்தோடு சொல்லுங்கோ. சம்பவம் நடந்ததும் கமராவை நிறுத்திக் கார்டைக் கழற்றி வையுங்கோ, ஓட விட்டால் பழையதன் மேல் எழுதும். வெட்டாமல், பெயர்கூட மாற்றாமல் கார்டை அப்படியே வைச்சுக்கொண்டு, காப்புறுதிக்கும் பொலிஸுக்கும் பிரதியைக் குடுங்கோ. போன் செயலி வழியாக இறக்குற பிரதி சில கமராக்களில் தரம் குறைஞ்சது, கார்டிலிருந்தே எடுங்கோ.