மூன்று மாதத்தில் பையன்கள் ஏன் போய்விடுகிறார்கள்?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் டயர் கடை வைத்திருக்கிறேன். நான்கு பையன்கள். மூன்று மாதத்துக்கு மேல் யாரும் நிற்பதில்லை, வேலையிலும் அக்கறை இல்லை. ரிம் கீறினால் சம்பளத்தில் பிடிக்கிறேன், அப்படியும் திருந்தவில்லை. ஓர் ஏஜெண்டு 3,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) 'எச்.ஆர். ஃபைல்', அதாவது வேலையாட்களுக்கான விதிமுறைத் தாள்கள், செய்து தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. இப்படி விற்ற ஒரு ஃபைலைப் பார்த்தேன். வேறு கம்பெனியின் தாளில் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்று போட்டிருந்தது. 2023 ஜனவரி 1 முதல் அது 45 மணி நேரம்.

முதலில் அந்த ரிம் பிடித்தத்தை நிறுத்துங்கள். கொடுத்த முன்பணத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம், கீறலுக்குக் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. அதைவிட ஆபத்து ஒன்று இருக்கிறது. காசு போகும் என்று பயந்தவன் தவறை மறைப்பான். மரை தேய்ந்த நட்டைச் சொல்லாமல் மாட்டி அனுப்பினால், ரோட்டில் சக்கரம் கழன்று ஓடும்.

அப்புறம் இந்த மூன்று மாதம். 'புரொபேஷன் முடியட்டும், பிறகு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கட்டலாம்' என்று ஏஜெண்டுகள் சொல்லிக் கொடுப்பார்கள், நம்பாதீர்கள். இபிஎஃப் முதல் சம்பளத்திலிருந்தே கட்ட வேண்டும், சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் அப்படித்தான். பையன் தன் கணக்கைக் கைப்பேசியிலேயே பார்க்கிறான். அது காலியாக இருந்தால், தன்னை நிரந்தரமாக வைக்கும் எண்ணம் முதலாளிக்கு இல்லை என்றுதான் நினைப்பான்.

'ஐந்து பேருக்குக் குறைவென்றால் குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது' என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். மாதம் 1,700 வெள்ளி என்ற குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் வந்தபோது சிறிய கடைகளுக்கு அவகாசம் தந்தது உண்மை. ஆறே மாதம்தான். 2025 ஆகஸ்ட் 1 முதல் நான்கு பேர் இருந்தாலும், ஒருவரே இருந்தாலும் 1,700 வெள்ளி. மைத்துனர் மகன் என்றாலும், சம்பளத்துக்கு வேலை செய்தால் அவரும் கணக்கில் சேர்த்திதான்.

இதையெல்லாம் தோட்டப்புறப் பட்டணத்துக்கு வந்து தமிழில் சொல்ல ஆளில்லை என்பதுதான் எனக்குக் கோபம். விளக்கக் கூட்டத்தை ஈப்போவில் வேலை நாளில் வைத்தால், கடையை யார் பார்ப்பது? அந்த இடைவெளியில்தான் ஏஜெண்டு பிழைக்கிறான்.

ஃபைலுக்குப் பதில் ஒரே தாள் போதும். வேலை நேரம், சம்பளம், ஓ.டி.க்கு (கூடுதல் நேர வேலைக்கு) ஒன்றரை மடங்கு, சம்பள நாள் எல்லாம் பையனுக்குப் புரியும் மொழியில் இருக்கட்டும். சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதியைத் தாண்டக் கூடாது. இதுவரை ரிம்முக்குப் பிடித்த காசையும் இந்த மாதச் சம்பளத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.