அப்பாவின் சி.டி. 200 லண்டனில் ஓடுமா?

கேள்வி: அண்ணை, அப்பா போன வருடம் காலமாகிவிட்டார். அவர் 1982இல் வாங்கிய ஹொண்டா சி.டி. 200 மோட்டார் சைக்கிள் கோண்டாவில் வீட்டு விறாந்தையில் நிற்கிறது. சண்டைக் காலம் முழுக்க எங்களை ஏற்றித் திரிந்த சைக்கிள் அது. நான் இருபது வருடமாக லண்டனில் இருக்கிறேன். அதை இங்கே இறக்கிப் பதிந்து ஓட ஆசை. சட்டத்தில் இடம் உண்டா? வரி எவ்வளவு வரும்?
- வாசகர், ஹரோ, லண்டன்

பதில்: இடம் உண்டு தம்பி. வயது போன சைக்கிள் என்பதே உங்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் கப்பலையும் வரியையும் பிறகு பார்ப்போம். முதலில் வீட்டுக்குப் போன் எடுத்து ஒரு வேலை சொல்லுங்கள்.

ஹெட்லைற்றுக்குப் பின்னால், ஹேண்டில் வந்து இறங்குகிற கழுத்துக் குழாயில் செசி நம்பர் வெட்டியிருக்கும். நாற்பது வருடத்துக் கிறீசும் புழுதியும் அதில் அப்பியிருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைக்கலாம். உளியோ உப்புத்தாளோ கிட்டவும் வரக்கூடாது. துடைத்தபின் ஒரு மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலைச் சரித்து உரசினால் எழுத்துகள் தாளில் ஏறிவிடும். என்ஜின் இடப்பக்க அடியில் இருக்கிற நம்பரையும் அப்படியே எடுக்கச் சொல்லுங்கள். பிறகு வாகனப் பதிவுப் புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து ஒப்பிட வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சொந்தத் தம்பியின் சைக்கிள். 1993இல் அதன் என்ஜின் உடைந்தபோது இன்னொரு சைக்கிளின் என்ஜினைத் தூக்கி நான்தான் பூட்டினேன். அந்த நாளில் எந்த அலுவலகத்துக்குப் போய் நம்பரைத் திருத்துவது? அப்படியே ஓடியது. பிற்காலத்தில் அவன் அதை வெளிநாட்டுக்கு எடுக்க விரும்பியபோது, காகித வேலை பார்த்த முகவர் புத்தகத்தை மட்டும் புரட்டிவிட்டு எல்லாம் சரி என்றார். கொழும்பில் பரிசோதித்தபோதுதான் என்ஜின் நம்பர் வேறு என்று தெரிந்தது. நான்கு மாதம் ஒரு களஞ்சியத்தில் கிடந்து, வாடகையும் ஏறி, கடைசியில் லொறியில் யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வந்தது. தம்பி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

உங்கள் சைக்கிளிலும் நம்பர் பொருந்தாவிட்டால் மனம் தளர வேண்டாம். ஆனால் அதை இங்கே, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்தி முடித்த பிறகுதான் மற்ற வேலை. அதோடு உரிமையும் மாற வேண்டும். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அம்மாவினதும் சகோதரங்களினதும் எழுத்து மூலச் சம்மதம் எல்லாம் எடுத்து உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஏற்றுமதிக்காகப் பதிவை நீக்கும்போது புத்தகத்தைக் கையளிக்க வேண்டி வந்தால், அதற்கு முன் அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். லண்டனில் அந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள்.

இப்போது வரி. பிரித்தானியச் சுங்கத்தில் 9705 என்று ஒரு தலைப்பு இருக்கிறது, சேகரிப்புப் பொருள்களுக்கானது. குறைந்தது 30 வயது, முதலிருந்த நிலையில் செசி, ஸ்ரேறிங், பிறேக், என்ஜின் பெரிய மாற்றமில்லாமல் இருத்தல், அந்த மாதிரி இப்போது உற்பத்தியில் இல்லாதிருத்தல்: இவை பொருந்தினால் தீர்வை இல்லை, வற் வரி 5 வீதம் மட்டும். பொருந்தாவிட்டால் 250 சிசிக்கு உட்பட்ட சைக்கிளுக்கு 8 வீதத் தீர்வை, அதன்மேல் 20 வீத வற். பெறுமதியும் கப்பல் கூலியும் சேர்ந்து 1,000 பவுண் என்று வைத்தால், முதலாவது வழியில் 50 பவுண், மற்றதில் 296 பவுண். குடிபெயர்ந்து வருகிறவர்களுக்கு ஒரு வரிச்சலுகை உண்டு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது புதிதாகக் குடியேறுகிறவர் ஏற்கெனவே வைத்து ஓடிய வாகனத்துக்கு. இருபது வருடமாக அங்கே இருக்கிற உங்களுக்குப் பொருந்தாது.

‘முதலிருந்த நிலை’ என்ற இடத்தில்தான் எங்கள் ஊர்ச் சைக்கிள்களுக்கு ஒரு சிக்கல். பெற்றோல் வராத தொண்ணூறுகளில் எத்தனை சைக்கிள்களை மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம்! சேலைன் குழாயால் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு, உதைத்து ஸ்ராட் பண்ணி, என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவோம். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும். உங்கள் அப்பாவின் சைக்கிளும் அந்தப் புகையைக் கக்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஹெட்டைக் கழற்றினால் கரி கட்டியிருக்கும், கொம்பிறஷனைக் குறைக்க இரட்டைக் கேஸ்கட் போட்டிருக்கவும் கூடும். அதையெல்லாம் திருத்தலாம், திருத்தம் குற்றமில்லை. ஆனால் அந்தச் சைக்கிளோடு வந்த காபரேற்றர், சைலன்சர், மட்காட் எது வீட்டுக் கோடியில் கிடந்தாலும் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிடாதீர்கள். பளபளவென்று புதுப் பெயின்ற்றும் அடிக்க வேண்டாம். செசி நம்பருக்கு மேல் தடிப்பாகப் பெயின்ற் ஏறினால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும்.

பெட்டி அடிக்கும்போது பெற்றோலை முழுதாக வடித்து, பெற்றறியைக் கழற்றச் சொல்லுங்கள். பலகை ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை குத்திய, சூடுகாட்டிப் பதப்படுத்திய மரமாக இருக்க வேண்டும். ஊர் வேப்பம்பலகையில் அடித்து அனுப்பினால் அங்கே துறைமுகத்தில் மறித்துவிடுவார்கள்.

இறங்கியதிலிருந்து 14 நாளுக்குள் ‘நோவா’ என்கிற அறிவிப்பை வரித் திணைக்களத்துக்குக் கொடுக்க வேண்டும். அது பதியாமல், அங்கே வாகனம் பதிகிற அலுவலகமான டி.வி.எல்.ஏ. உங்கள் விண்ணப்பத்தைத் தொடாது. பாவித்த வாகனத்துக்குரிய படிவம் வி55/5, முதற்பதிவுக் கட்டணம் 55 பவுண். பத்து வருடத்துக்கு மேற்பட்ட சைக்கிள் என்பதால் தனி வாகன அங்கீகாரச் சோதனை தேவையில்லை. இன்சூரன்ஸை செசி நம்பரிலேயே எடுக்கலாம். உற்பத்தி ஆண்டுக்குத் தனிச் சான்று வேண்டும். விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் அப்படிச் சான்று கொடுக்கிறது. வயதோ அடையாளமோ சந்தேகம் என்று வந்தால் ‘கியூ’ எழுத்தில் தொடங்கும் நம்பர்தான் கிடைக்கும். அப்பாவின் சைக்கிளுக்கு அது வேண்டாம் தம்பி, 1982க்குரிய நம்பரே விழட்டும்.

நாற்பது வயது கடந்ததால் வரலாற்று வாகனமாகப் பதியலாம். வீதி வரி பூச்சியம். ஆனாலும் வருடாவருடம் விண்ணப்பிக்க வேண்டும். பெரிய மாற்றம் செய்யாத சைக்கிளுக்கு எம்.ஓ.ரி. என்கிற வருடாந்தத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. என்றாலும் ஒருமுறை செய்வியுங்கள். இவ்வளவு நாள் நின்ற சைக்கிளின் பிறேக் சூவையும் ரயரையும் இன்னொரு மெக்கானிக் பார்ப்பது நல்லது. லண்டனின் புகைக் கட்டண வலயத்திலும் வரலாற்று வாகனத்துக்கு அந்த 12.50 பவுண் நாட்கட்டணம் இல்லை. நாங்களும் இடப்பக்கம் ஓடுகிறவர்கள் என்பதால் ஹெட்லைற் வெளிச்சம் சரியான பக்கமே விழும். ஸ்பீடோமீற்றரில் மைல் கணக்கு மட்டும் தெரிய வேண்டும்.

கடைசியாக, உங்கள் லைசன்ஸ். சி.டி. 200 என்றால் 194 சிசி. இரண்டு வருடம் செல்லுபடியாகும் அந்தச் சி.பி.ரி. பயிற்சிச் சான்றிதழோடு 125 சிசி வரைதான் ஓடலாம். ஏ2 வகை லைசன்ஸ் எடுத்து வைத்திருங்கள், சைக்கிள் வந்து இறங்கும்போது நீங்களும் தயாராக இருப்பீர்கள்.

கேள்வி: பிரான்சில் இருக்கும் மகன் தன் 2012ஆம் ஆண்டு யமஹாவை எனக்கு அனுப்புகிறேன் என்கிறான். கழற்றிச் சாமானாக அனுப்பினால் இங்கே பூட்டலாம் என்று ஒருவர் சொன்னார். சரிவருமா?
- வாசகர், சாவகச்சேரி

பதில்: சரிவராது ஐயா. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்தாலும் பாவித்த வாகனத்துக்கு வயது வரம்பு இருக்கிறது, 2012 சைக்கிளுக்கு அதில் இடமில்லை. சாமானாகக் கொண்டுவந்து பூட்டிய சைக்கிளைப் பதிய முடியாது. சுங்கத்தில் வாகனமாக வந்த சான்று இல்லாமல் புத்தகம் பிறக்காது. அப்படிப் பூட்டியவற்றுக்கு வேறு சைக்கிளின் நம்பரைக் குத்திக் கொடுக்கிறவர்கள் உண்டு. என் கராஜுக்கும் வந்து கேட்டிருக்கிறார்கள், நான் படலைக்கு வெளியே அனுப்பிவிட்டேன். பொலிஸ் மறித்தால் அகப்படுவது ஓடுகிற நீங்கள். மகனிடம் சொல்லி அதை அங்கேயே விற்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பதினைந்து வருடமாக நான் ஓடுகிற சைக்கிளின் புத்தகம் இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரில். அவர் கனடாவுக்குப் போய்விட்டார். என்ன செய்ய?
- வாசகி, இணுவில்

பதில்: தங்கச்சி, அவர் உயிரோடும் தொடர்போடும் இருக்கும்போதே செய்யுங்கள். ரொறன்ரோவில் இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோர்ணித் தத்துவம் ஒன்றை இங்குள்ள அவருடைய உறவினர் ஒருவருக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அந்த உறவினர் கையெழுத்து வைத்தால் பெயர் மாற்றலாம். இன்றிரவே அவருக்கு வாட்ஸ்அப்பில் கதையுங்கள், அங்கே அப்போது காலை.