அமுக்குவான் நெஞ்சில் உட்கார்ந்தால் கால் பெருவிரலை அசைக்கச் சொல்லுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். இரவு ஒன்றரை வரை படித்துவிட்டு, டியூஷனுக்காக ஐந்தரைக்கு எழுந்துவிடுவான். ஒரு மாதத்தில் மூன்று முறை விடியற்காலையில் வேர்த்து விறுவிறுத்து எழுந்து உட்கார்ந்தான். கண் விழித்தே இருந்ததாம், கை காலை அசைக்க முடியவில்லையாம். வாசல் பக்கம் கறுப்பாக ஓர் உருவம் நின்று, பிறகு நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்ததாம். கத்தினால் சத்தம் வரவில்லை என்கிறான். கேட்டவுடனே என் மாமியார் ‘இது அமுக்குவான்’ என்று சொல்லித் தலையணைக்கு அடியில் அரிவாளை வைத்துவிட்டார். நான்கு மாதம் முன்பு இவன் சிநேகிதன் ஒருவன் பைக் விபத்தில் இறந்துபோனான். அவன்தான் தேடி வருகிறான் என்கிறார்கள் உறவுக்காரர்கள். வரும் வெள்ளிக்கிழமை பேயோட்டும் கோடாங்கியிடம் கூட்டிப்போக ஏற்பாடாகியிருக்கிறது. கணவரோ, எல்லாம் பொய், படிக்காமலிருக்க நாடகம் என்று திட்டுகிறார். நான் என்ன செய்வது?
(பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த அரிவாளை எடுத்துவிடுங்கள். திடுக்கிட்டு எழும் பையன் தலையணைக்கு அடியில் கையை விடுவான், கை கிழிந்துவிடும். பேய்க்கு இரும்பு ஆகாது என்பது நம் ஊர்களில் வேரோடிய நம்பிக்கை. பிள்ளை பெற்றவள் அறையில் இரும்பு வைப்பதும், உச்சிவேளையில் கறிச்சோறு கொண்டுபோகும்போது தூக்குவாளிக்குள் ஓர் இரும்பு ஆணியைப் போட்டு அனுப்புவதும் அதனால்தான். அத்தைக்கு மனசு ஆறவில்லை என்றால் பெரிய பூட்டு ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் வைக்கட்டும். பூட்டும் இரும்புதான்.

அடுத்தது, உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. அவன் சொன்ன ஒவ்வொன்றும் அவனுக்கு உள்ளபடியே நடந்தது. இதை உங்கள் கணவர் புரிந்துகொள்வது மிக அவசியம். நாடகம் என்று சொல்லிவிட்டால் அடுத்த முறை பையன் யாரிடமும் சொல்ல மாட்டான், பயத்தைத் தனியாகச் சுமப்பான்.

உங்கள் மாமியார் சொன்ன பெயரும் சரிதான். நெஞ்சில் பாரம், அசையாத உடம்பு, வராத குரல், பக்கத்தில் யாரோ நிற்கும் உணர்வு. இந்த நான்கையும் சேர்த்து ‘அமுக்குவான்’ என்று ஒரே சொல்லில் சொல்லி வைத்தார்கள் நம் முன்னோர். மருத்துவர்கள் இதையே ஸ்லீப் பராலிசிஸ், அதாவது உறக்க முடக்கம் என்கிறார்கள். துருக்கியில் இதன் பெயர் கராபாசான், ‘கறுப்பாய் வந்து அமுக்குவது’ என்று பொருள். சீனத்தில் ‘பேய் கட்டிலை அமுக்குதல்’ என்றே சொல்கிறார்கள். ஜப்பானியர் கனாஷிபாரி என்பார்கள், உலோகத்தால் கட்டுண்டது போன்ற நிலை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நெஞ்சில் ஏறி உட்காருபவள் ஒரு கிழவி. ஃபியூசேலி என்ற ஓவியர் 1781-ல் வரைந்த புகழ்பெற்ற படத்தில், மல்லாந்து தூங்கும் பெண்ணின் நெஞ்சில் குட்டிப்பூதம் ஒன்று குந்தியிருக்கும். ஊருக்கு ஊர் முகம் மாறினாலும் உட்காரும் இடம் மாறவில்லை. எல்லார் உடம்புக்குள்ளும் ஒரே சங்கதி நடப்பதுதான் காரணம்.

அது என்னவென்று பையனுக்கு உட்கார்த்தி வைத்துச் சொல்லுங்கள். தெரிந்துகொண்டாலே பாதி பயம் விட்டுவிடும். தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக வருகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் கனவுத் தூக்கம் வரும். அந்த நேரத்தில் மூளை கை கால் தசைகளின் இயக்கத்தை நிறுத்திவைக்கிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் கட்டிலை விட்டு எழுந்து ஓடுவான். கண்ணை அசைக்கும் தசைகளும், மூச்சுக்கான உதரவிதானமும் மட்டும் வேலை செய்யும். சில சமயம் விழிப்பு முதலில் வந்துவிடுகிறது, தசைக்கட்டு அவிழக் கொஞ்சம் தாமதமாகிறது. அந்த இடைவெளியில்தான் அமுக்குவான் வருகிறான். சில விநாடிகளிலிருந்து ஓரிரு நிமிடம் வரைதான் நீடிக்கும், அனுபவிப்பவனுக்கு அரை மணி நேரம் போலத் தோன்றும்.

நெஞ்சு பாரம் எங்கிருந்து வருகிறது? விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் அப்போது தளர்ந்திருக்கும். பயத்தில் பையன் பலமாக மூச்சை இழுக்கப் பார்க்கிறான், விலா விரியவில்லை. யாரோ மேலே உட்கார்ந்து அழுத்துவதாகவே மூளை அதைப் புரிந்துகொள்கிறது. ஆனால் உதரவிதானம் ஓடிக்கொண்டே இருப்பதால் மூச்சு நின்றுபோகாது. கறுப்பு உருவத்துக்கும் காரணம் உண்டு. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் மூளைப்பகுதி முழு உஷாராக இருக்கிறது, கனவும் இன்னும் கலையவில்லை. இருட்டில் கதவோரம் தொங்கும் சட்டைகூட ஆளாகி நடந்து வரும்.

இது அபூர்வமும் இல்லை. 35 ஆய்வுகளில் பங்கெடுத்த 36,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் தொகுத்து 2011-ல் வெளியான ஆய்வில், பொதுமக்களில் நூற்றுக்கு 8 பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவித்திருக்கிறார்கள். மாணவர்களில் அது 28 பேர். உங்கள் மகன் தூங்குவது நான்கு மணி நேரம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தேவை. தூக்கக் கடன் ஏறினால் கனவுத் தூக்கம் முண்டியடித்துக்கொண்டு வரும், அதுவும் விடியலை ஒட்டி நீளமாக வரும். மூன்று முறையும் விடியற்காலையிலேயே நடந்திருப்பது இதோடு பொருந்துகிறது.

இனி கோடாங்கி விஷயம். இதை அத்தையின் வழக்கிலேயே நின்று பேசிப் பாருங்கள். நாட்டார் நம்பிக்கையில் பேய் பிடிப்பது வேறு, அமுக்குவான் வேறு. பிடிக்கிற பேய் உடம்புக்குள் இறங்கும், ஆடும், பிடித்தவரின் வாய் வழியாகத் தன் பெயரையும் ஊரையும் சொல்லும், வேண்டியதைக் கேட்கும். கோடாங்கியின் வேலை முழுக்க அந்தப் பேச்சை நம்பித்தான் இருக்கிறது. உடுக்கை அடித்துப் பேயைப் பேசவைப்பார், பேரம் பேசுவார், உச்சிமயிரை முடிந்து அறுத்துப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பார். அமுக்குவானோ உள்ளே இறங்குவதும் இல்லை, பேசுவதும் இல்லை. தூக்கத்தில் மேலே உட்கார்ந்து, ஆள் அசைந்ததும் போய்விடுகிறது. ஓட்டுவதற்கு அங்கே யாரும் தங்கியிருக்கவில்லை. “அத்தை, நீங்கள்தானே அமுக்குவான் என்று சொன்னீர்கள், அது பிடிக்கிற பேய் இல்லையே” என்று கேளுங்கள். பழைய விஷயம் அறிந்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

நான் வெள்ளிக்கிழமை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமுக்குவானுக்கு முகம் கிடையாது. கோடாங்கி ஒரு முகத்தைக் கொடுத்துவிடுவார். இறந்த சிநேகிதன்தான் என்று உடுக்கைச் சத்தத்துக்கு நடுவில் ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த முறை கதவோரம் நிற்கும் நிழலுக்கு அந்தப் பையனின் முகமே வரும். எதிர்பார்ப்பதைத்தான் கனவு வரைகிறது. ராத்திரி முழுக்க விழிக்கவைப்பதும், மூடிய அறையில் மிளகாய்ப் புகை போடுவதும், வேப்பங்குழையால் அடிப்பதும் தூக்கத்தை இன்னும் கெடுக்கும். புகை மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். இளைப்பு உள்ள பிள்ளைக்கு அது உயிர் ஆபத்து. அத்தை வாசலில் உப்பும் மிளகாயும் சுற்றிப்போடட்டும், நெற்றியில் திருநீறு பூசட்டும், அதில் ஒரு குறையும் இல்லை.

சங்கப் பாடல்களில் வெறியாட்டு என்று ஒன்று வரும். மகள் மெலிந்துபோனதைப் பார்த்த தாய், முருகன் அணங்கினான் என்று நினைத்து, வேலன் என்ற முருக பூசாரியை அழைப்பாள். வேலன் கழங்குக் காய்களைப் போட்டுக் குறி பார்ப்பான், ஆட்டுக்குட்டி பலியாகும், களத்தில் ஆடுவான். மகள் மனசில் இருப்பது என்ன என்று அவளிடம் மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டிலும் கேட்கவேண்டியது அதுதான். கூடப் படித்த பையன் போய் நான்கு மாதம்தான் ஆகிறது. துக்கம் கேட்டுவிட்டு வந்த மறுநாளே எல்லாரும் இவனிடம் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசியிருப்பார்கள். ஒரு மாலை நீங்கள் மட்டும் அவனோடு உட்கார்ந்து, அந்தப் பையனின் பெயரைச் சொல்லி, “அவன் நினைப்பு வருதாப்பா?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் விடுங்கள், கேட்டது அவன் மனசில் தங்கும். சிநேகிதன் வீட்டுக்குப் போய் அந்தத் தாயைப் பார்த்துவிட்டு வர அவன் விரும்பினால் கூடப் போங்கள். தூக்கத்தைக் குலைப்பதில் படிப்புச் சுமைக்குச் சற்றும் குறைந்ததல்ல துக்கம்.

இப்போது, அமுக்கும்போது அவன் செய்யவேண்டியது. எல்லாரும் செய்யும் தவறு, மொத்த உடம்பையும் ஒரே உந்தில் எழுப்பப் பார்ப்பது. அது முடியாது. முடியாததால் பயம் ஏறும், மூச்சு இன்னும் திணறும். அதற்குப் பதிலாக, கால் பெருவிரல் ஒன்றை மட்டும் நினைத்து அதை அசைக்கப் பார்க்கவேண்டும். கூடவே கண்ணை இடமும் வலமுமாக ஓட்டவேண்டும், கண் எப்போதும் சொன்னபடி கேட்கும். மூச்சை ஆழமாக இழுக்கவே கூடாது. மெதுவாக வெளியே விட்டால் போதும், உள்ளே வருவது தானாக வரும். விரல் அசைந்த கணத்தில் மற்றதெல்லாம் அவிழ்ந்துவிடும். பகலிலேயே ஐந்து நிமிடம் படுத்து இதை ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள், ஒரு வாரம் தினமும். ஒத்திகை இல்லாமல் அந்த நேரத்தில் ஞாபகம் வராது.

விடுபட்டதும் அப்படியே திரும்பத் தூங்கிவிடக் கூடாது. அதே இடத்தில் அதே கிடையாகக் கண் அயர்ந்தால் உடனே மறுபடியும் வரும், “இரண்டாவது தடவை வந்துச்சு” என்று பலர் சொல்வது இதைத்தான். எழுந்து உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் கழித்துப் பக்கவாட்டில் படுக்கட்டும்.

வராமல் தடுக்கப் பெரியவர்கள் சொன்னதில் கொள்ளவேண்டியது எது? ‘நெஞ்சில் கை வைத்துப் படுக்காதே’ என்பது நல்ல சொல், நெஞ்சில் கை வைப்பவன் மல்லாந்துதான் கிடப்பான், மல்லாந்த கிடையில்தான் இது அதிகம் வருகிறது. இடப்பக்கம் படு, பகலில் தூங்காதே என்ற சித்த மருத்துவ ஒழுக்கமும் இங்கே உதவும். ‘வடக்கே தலை வைக்காதே’ என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. புளியமரத்தடியில் பேய் இல்லை, ராத்திரியில் மரம் விடும் கரியமிலவாயுதான் அமுக்குகிறது என்று படித்தவர்கள் சொல்வதும் தவறு. திறந்த வெளியில் ஒரு மரம் விடும் வாயு காற்றோடு கலந்து போய்விடும். ஒரு நம்பிக்கையை மாற்ற இன்னொரு தப்பான காரணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம்.

முதுகுக்குப் பின்னால் நீளத் தலையணை ஒன்றை அணை கொடுத்தால் அவன் ஒருக்களித்தே தூங்குவான். அதையும் மீறிப் புரண்டால், பழைய பனியனின் முதுகில் சின்னப் பை தைத்து, சுருட்டிய துண்டை அதில் வையுங்கள். ரப்பர் பந்து வைப்பவர்களும் உண்டு. பந்து கெட்டியாக இருந்தால் இரவெல்லாம் விழிப்பு வரும், உள்ள தூக்கமும் போகும். அதனால் துண்டே போதும். படுக்கை பத்தரைக்கு, எழுவது ஐந்தரைக்கு. டியூஷனை மாலைக்கு மாற்ற முடிந்தால் இன்னும் ஒரு மணி நேரம் கூடும். ஞாயிற்றுக்கிழமையும் எழும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளக்கூடாது. மாலை நான்குக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். பகலில் கண்ணைச் சொக்கினால் 20 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். அலாரம் ஒன்றே ஒன்று, எழுந்து போய் நிறுத்தும் தூரத்தில். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்துவிட்டுத் தூங்கினால் ஒவ்வொரு முறையும் அதே விளிம்புக்குத்தான் அவன் திரும்புகிறான்.

இரண்டு மூன்று வாரம் இப்படி நடந்தும் குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். காத்திருக்கக்கூடாத அடையாளங்களும் உண்டு. பகலில் உட்கார்ந்த இடத்திலேயே அடக்க முடியாமல் தூங்கி விழுவது, வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்து துவள்வது, குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருவது, தூக்கத்தில் உடம்பு வெட்டி நாக்கைக் கடித்துக்கொள்வது, முழு விழிப்பில் பகலிலும் குரல் கேட்பது. இவற்றில் ஒன்றிருந்தாலும் உடனே நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் போங்கள். துக்கமோ தேர்வு பயமோ தாங்கவில்லை என்று தெரிந்தால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-ல் கட்டணமில்லாமல் பேசலாம்.

அத்தைக்கும் ஒரு வேலை கொடுங்கள். பேரனுக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டு அவர் படுக்கட்டும், வயதானவர்களுக்கு விடியலில் தூக்கம் இலேசாகத்தான் இருக்கும். மூச்சு வேகமாகி, தொண்டைக்குள் ‘ம்... ம்...’ என்று முனகல் கேட்டால், உலுக்காமல் தோளில் கை வைத்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். வெளியிலிருந்து ஒரு கை பட்டாலே கட்டு பெரும்பாலும் அவிழ்ந்துவிடும். பேய் என்றோ அமுக்குவான் என்றோ அப்போது சொல்ல வேண்டாம், “ஆத்தா இங்கேதான் இருக்கேன்ப்பா” என்றால் போதும்.