இருபது ரூபாய் பத்திரத்தில் கேஸ் முடியுமா?

கேள்வி: தக்கலை பக்கம் எங்கள் விளைத் தோட்டத்தின் எல்லையில், கையாலைச் சுவர் ஓரமாக நின்ற அயனி மரத்தை வெட்டியதில் எனக்கும் சித்தப்பா மகனுக்கும் போன வருடம் அடிதடி ஆகிவிட்டது. இருவர் மீதும் எஃப்ஐஆர் இருக்கிறது. இப்போது ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் சமாதானமாகி, 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டோம். அந்தத் தம்பி வளைகுடா வேலைக்குப் போக வேண்டும். கேஸ் முடிந்த மாதிரிதானே?

பதில்: இல்லை. சமாதானம் ஆனது நல்ல காரியம்தான். ஆனால் எஃப்ஐஆர் விழுந்துவிட்டால் வழக்கை நடத்துவது அரசு, நீங்கள் அல்ல. உங்கள் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றுப் பதிவு செய்யும்வரை வழக்கு அப்படியேதான் நிற்கும்.

முதலில் எஃப்ஐஆர் நகலை எடுத்து, என்னென்ன பிரிவு என்று பாருங்கள். சாதாரண அடிக்குப் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்குப் பதிலான தண்டனைச் சட்டம்) 115(2), மிரட்டலுக்கு 351(2). இந்த இரண்டையும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்) 359ஆம் பிரிவின்படி சமரசமாக முடிக்கலாம். அடி வாங்கியவர், மிரட்டப்பட்டவர்தான் மாஜிஸ்திரேட் முன் நின்று சம்மதம் சொல்ல வேண்டும். பதிவானதும் அது விடுதலைக்குச் சமம். பல் உடைந்திருந்தால் கதை வேறு. அது கொடுங்காயம், 117(2). அதையும் முடிக்கலாம், ஆனால் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் நியாய சன்ஹிதாவின் 296(பி)யில்தான் வரும். கெட்ட வார்த்தை சொன்னதற்கான பிரிவு இது. நம்மூர் அடிதடி எஃப்ஐஆரில் இது இல்லாமல் இருப்பது அபூர்வம். காரணமும் உண்டு: 115(2) மட்டும் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது, இது சேர்ந்தால் முடியும். ஆனால் சமரசம் செய்யக்கூடிய குற்றங்களின் பட்டியலில் 296(பி) கிடையாது. லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றமும் அந்தப் பட்டியலைத் தாண்டிப் போகாது. அப்படியானால் சுரக்ஷா சன்ஹிதாவின் 528ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், கூட்டு சமாதான மெமோவோடு வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும். தனிப்பட்ட தகராறுகளை இப்படி ரத்து செய்யலாம் என்று 2012இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கொலை, பாலியல் வன்முறை போன்றவற்றுக்கு இந்த வழி கிடையாது.

இன்னொன்று. இரண்டு வழக்கையும் ஒன்றாகவே முடியுங்கள். "முதலில் உன் கேஸ், அப்புறம் என் கேஸ்" என்று விட்டு, இரண்டாவது அந்தரத்தில் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, சண்டைக்குக் காரணமான எல்லை? அடிதடி கேஸ் முடிந்தாலும் அது தானாகத் தீராது. சர்வேயரை வைத்து அளந்து, ஸ்கெட்ச்சோடு நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். சிவில் வழக்கு போடும் முன்பே லோக் அதாலத்தில் பேசி முடிக்கலாம், கோர்ட் கட்டணம் கிடையாது. அங்கே பிறக்கும் உத்தரவு சிவில் கோர்ட் டிகிரிக்கு (தீர்ப்பாணைக்கு) சமம், மேல்முறையீடும் இல்லை. கல் எங்கே நட வேண்டும் என்பதோடு, வெட்டிப் போட்ட அயனித் தடி யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.