மலையில் மீன் கடை: லைசென்ஸ் கேள்விகளும் என் பதில்களும்

மீன் வாங்குவது, விற்பது, பதப்படுத்துவது, அதற்கு எடுக்க வேண்டிய லைசென்ஸ் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இத்தனை பேர் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. தெரியாதவர்களுக்காக ஒரு வரி: தூத்துக்குடியில் ஒரு மீன் பதப்படுத்தும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் பதினான்கு வருஷம் இருந்தேன். இப்போது குன்னூர்வாசி, சின்னக் கடைகளுக்கு விண்ணப்பம் போட உதவுகிறேன். அதிகாரியும் இல்லை, வக்கீலும் இல்லை. கீழே இருப்பது 2024 பிப்ரவரி நிலவரம். தொகையும் வரம்பும் மாறக்கூடியவை, விண்ணப்பம் போடும் அன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, கோத்தகிரியில சின்னதா மீன் கடை போடப் போறேன். ஃபுட் லைசென்ஸ் கட்டாயமா? ஏஜென்ட் ஒருத்தர் நாலாயிரம் கேக்கிறார்.

கட்டாயம்தான். ஆனால் உங்களுக்கு வேண்டியது அநேகமாக லைசென்ஸ் இல்லை, பதிவு. இந்த இரண்டையும் குழப்பித்தான் ஏஜென்ட்கள் காசு பார்க்கிறார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, அதன் கீழ் வந்த 2011 விதிமுறைகள்படி வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு மட்டும் போதும், கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தும் எடுக்கலாம், 500 ரூபாயோடு முடிந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்கோஸ் இணையதளத்தில் படிவம் ஏ, ஒரு போட்டோ, அடையாள அட்டை, கடை முகவரி. செல்போனிலேயே போடலாம். நாலாயிரம் எதற்கு என்று அவரையே கேளுங்கள்.

12 லட்சத்தைத் தாண்டினால் மாநில லைசென்ஸ், படிவம் பி. சில்லறைக் கடைக்கு வருஷம் 2,000. இருபது கோடியைத் தாண்டினால் மத்திய லைசென்ஸ், அந்தக் கஷ்டம் வந்தால் எனக்கும் ஒரு வேலை போட்டுக் கொடுங்கள்.

12 லட்சம் பெரிய தொகை என்று நினைத்துவிடாதீர்கள். 365 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 3,300 ரூபாய்கூட வராது. மத்தி, அயிலை மட்டும் விற்றாலே அதைத் தொட்டுவிடலாம், ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் வஞ்சிரம் இறக்கினால் கேட்கவே வேண்டாம். ஆகவே முதல் வருஷம் பதிவு எடுங்கள், விற்பனைக் கணக்கை நோட்டில் எழுதுங்கள், தாண்டும்போது மாறிக்கொள்ளுங்கள்.

இது போக உள்ளாட்சியின் தொழில் உரிமம் தனி. குன்னூர், ஊட்டி, கூடலூர் என்றால் நகராட்சியில் கேட்க வேண்டும், வெல்லிங்டன் பகுதி என்றால் கண்டோன்மென்ட் போர்டில். எடை மெஷினுக்கு வருஷா வருஷம் முத்திரை போட வேண்டும். இதை எல்லாரும் மறப்பார்கள், சோதனை வரும்போதுதான் நினைவு வரும்.

ஊட்டிக் குளிருக்கு ஐஸ் எதுக்கு மேடம்? வெளியில வச்சாலே ஃப்ரிட்ஜ் மாதிரிதானே இருக்கு.

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். இந்த மலைக்கு வந்த ஆறு வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், இனியும் சொல்வேன்: குளிர் வேறு, ஐஸ் வேறு.

பிப்ரவரியில் ராத்திரி உறைபனி விழுகிறது, சரி. பகலில் வெயில் அடித்தால் இருபது டிகிரி. மீனுக்கு வேண்டியது பூஜ்யத்தை ஒட்டிய குளிர், இருபத்துநாலு மணி நேரமும். அப்புறம் அந்த மீன் ஊட்டியில் பிறக்கவில்லை. கோவை உக்கடம் மீன் மார்க்கெட்டில் ஏற்றி மேட்டுப்பாளையம் சூட்டைத் தாண்டி 90 கிலோமீட்டர் ஏறி வருகிறது, அதற்கு முன் கடற்கரையிலிருந்து உக்கடம் வரை வேறு. கீழே கெட ஆரம்பித்ததை மேலே வந்து குளிர வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

சூரை, அயிலை, மத்தி மாதிரி மீன்களில் ஐஸ் குறைந்தால் ஹிஸ்டமைன் என்ற பொருள் உண்டாகும். மீன் நாறவே நாறாது, செவுள்கூட ஓரளவு சிவப்பாகவே இருக்கும். சாப்பிட்ட அரை மணியில் முகம் சிவந்து, அரிப்பெடுத்து, தலை வலிக்கும். கொதிக்க வைத்தாலும், வறுத்தாலும், கருவாடாகப் போட்டாலும் போகாது. கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. இரண்டு வருஷம் முன்னால் இங்கே ஒரு விடுதியில் (பெயர் வேண்டாம்) சூரை வறுவல் சாப்பிட்ட நாலு பேருக்கு இப்படி ஆனது. சமையல்காரர் பாவம், மசாலாவில் ஏதோ சேரவில்லை என்று மசாலா டப்பாவையெல்லாம் கொட்டிவிட்டார். விசாரித்தால் மீன் பெட்டி சாயங்காலம் வரை ஐஸ் இல்லாமல் பின்கட்டில் இருந்திருக்கிறது, "குளிராத்தான் இருந்துச்சு" என்று.

மீனும் ஐஸும் சரிக்குச் சரி எடை. மீனைத் தொடும் ஐஸ் குடிநீரில் செய்ததாக இருக்க வேண்டும்.

அவலாஞ்சி பக்கம் டிரவுட் மீன் பிடிச்சு ரிசார்ட்டுக்குக் கொடுக்கலாமா?

உங்கள் இஷ்டத்துக்கு முடியாது. மீன்வளத் துறையைக் கேளுங்கள், காட்டுக்குள் என்றால் வனத் துறையையும். நீலகிரியில் மீனைப் பாதுகாக்க 1879லேயே சட்டம் போட்டுவிட்டார்கள், இன்று நேற்று வந்த கெடுபிடி இல்லை.

12 லட்சம்ங்கிறது லாபமா, விற்பனையா?

விற்பனை. மீன், கோழி, முட்டை எல்லாம் ஒரே கடையில் விற்றால் எல்லாம் சேர்த்து.

நான் பாம்பன்காரன். கொடைக்கானலில் கடை வைத்திருக்கிறேன். அண்ணன் படகில் பிடிக்கிற மீனைத்தான் கொண்டுவந்து விற்கிறேன், வெளியில் ஒரு கிலோகூட வாங்குவதில்லை. மீனவருக்கு இந்தச் சட்டமே கிடையாது என்று பிரிவு 18(3) சொல்கிறதே, நான் ஏன் பதிவு செய்ய வேண்டும்?

பிரிவு எண்ணோடு கேட்டதற்கே உங்களுக்கு ஒரு சபாஷ். அந்தப் பிரிவு இருக்கிறது. விவசாயிக்கும் மீனவருக்கும் அவர்களுடைய தொழிலில் இந்தச் சட்டம் பொருந்தாது. வலையிலிருந்து எடுத்து ஏலக்கூடத்தில் கொட்டும் வரை உங்கள் அண்ணனை உணவுப் பாதுகாப்பு அலுவலர் லைசென்ஸ் எங்கே என்று கேட்க முடியாது.

ஆனால் விலக்கு ஆளுக்கு இல்லை, வேலைக்கு. நீங்கள் கடலுக்குப் போகவில்லை. மீனை வண்டியில் ஏற்றுகிறீர்கள், மலையேற்றுகிறீர்கள், பெட்டியில் வைத்திருக்கிறீர்கள், வெட்டிக் கொடுக்கிறீர்கள். அது மீன்பிடித் தொழில் இல்லை, உணவு வணிகம்.

*(பாம்பன்காரர் மறுபடி: வணிகம் என்றால் வாங்கி விற்க வேண்டும். நான் அண்ணனுக்குப் பணமே கொடுப்பதில்லை, குடும்பக் கணக்கு. மீனவர் கூட்டுறவுச் சங்க அட்டையும் இருக்கிறது.)*

சட்டத்தில் உணவு வணிகம் என்பதற்கு விளக்கம் எழுதும்போதே "லாப நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்" என்று போட்டுவிட்டார்கள். சேமிப்பு, போக்குவரத்து, விநியோகம், எந்தக் கட்டமானாலும் உள்ளே வரும். அண்ணனுக்குப் பணம் கொடுத்தீர்களா, பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தீர்களா என்று யாரும் பார்க்கப் போவதில்லை. சங்க அட்டை நிவாரணத்துக்கும் மானியத்துக்கும் உதவும், கொடைக்கானல் கடையில் அதை மாட்டி வைத்துப் பயனில்லை.

*(பந்தலூரிலிருந்து ஒருவர்: அப்படின்னா என் தோட்டத்துக் குளத்தில் வளர்க்கிற கட்லாவுக்கும் பதிவு வேணுமா? நான் விவசாயிதான்.)*

குளத்துக்கரையில் முழு மீனாகப் பிடித்துக் கொடுக்கும் வரை நீங்கள் விவசாயி, கவலை வேண்டாம். செதில் சீவி, துண்டு போட்டு, பாக்கெட் கட்டி கூடலூருக்கு அனுப்பினால் நீங்களும் வணிகர். அப்படியே, குளத்தில் ஆப்பிரிக்கக் கெளுத்தி விட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 2000லிருந்து அதை வளர்க்கத் தடை இருக்கிறது. தேளி என்று பெயர் மாற்றி விற்பவர்களை எனக்கே தெரியும்.

*(பாம்பன்காரர்: சரி, அண்ணனே நேரில் வந்து, தான் பிடித்த மீனைத் தானே கூடையில் வைத்து விற்றால்?)*

இது நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். வலை போட்டவரே விற்கிறார், மீன் முழுசாக இருக்கிறது, "தன் தொழிலில்" என்ற வார்த்தைக்குள் அதைக் கொண்டுவந்து வாதாட இடம் இருக்கிறது, முதல் பதிலில் நான் கொஞ்சம் அவசரப்பட்டேன். இன்னொரு பக்கம் தெருவில் கூடை வைத்து விற்பவரையும் அதே விதிமுறைகள் சிறு வணிகர் என்று பதிவுக்குள்தான் கொண்டுவருகின்றன. நானாக இருந்தால் நூறு ரூபாயைக் கட்டிவிட்டு நிம்மதியாகக் கூடையை இறக்குவேன். வாதாடி ஜெயிப்பதற்குள் மீன் கெட்டுப்போகும்.

*(இன்னொருவர்: அதிகாரிகள் பிடுங்கத்தான் இதெல்லாம், பாம்பன் ஐயா சொல்வதுதான் சரி.)*

நூறு ரூபாயில் பிடுங்க என்ன இருக்கிறது? நகர்வோம்.

எங்க மகளிர் குழு மீன் ஊறுகாய் போடறோம், மாசம் நாப்பது அம்பது கிலோ. கடையில வைக்கணும்னா லேபிள் கேக்கறாங்க.

நல்ல காரியம். இது விற்பனை இல்லை, தயாரிப்பு, விண்ணப்பத்தில் அந்த வகையைத் தேர்ந்தெடுங்கள். கடைக்காரர் பதிவில் ஒட்டிக்கொள்ள முடியாது, நீங்கள் போடும் இடத்தின் முகவரிக்குத் தனிப் பதிவு வேண்டும். உங்கள் அளவுக்குப் பதிவு போதும்.

லேபிளில் பெயர், சேர்த்த பொருள்கள் அளவில் கூடியது முதல் குறைந்தது வரை, நிகர எடை, விலை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, குழுவின் முகவரி, 14 இலக்கப் பதிவு எண், சத்து விவரம். "மீன் உள்ளது" என்று ஒவ்வாமை எச்சரிக்கை தனியாக இருக்க வேண்டும். கடுகு சேர்த்தால் பொருள்பட்டியலில் கடுகையும் மறக்காதீர்கள். அசைவக் குறி இப்போது பழுப்பு வட்டம் இல்லை, சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். பழைய படத்தை அச்சடித்துவிட்டு ஸ்டிக்கர் ரோல் முழுவதையும் தூக்கிப் போட்ட குழு ஒன்றைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிந்தது. கைகளில் வெட்டுக்காயம் உள்ளவர் அன்றைக்கு மீனைத் தொட வேண்டாம். ஊறுகாய்க்கு மீன் வந்த பெட்டியில் ஐஸ் இருந்ததா என்று பாருங்கள். குளிர் வேறு, ஐஸ் வேறு.

12 லட்சத்துல செலவைக் கழிச்சுக்கலாமா?

முடியாது. விற்பனை என்று மேலே எழுதியிருக்கிறேன்.

ஏப்ரலில் தடைக்காலம் வருதே, அப்ப கடல் மீன் வித்தா கேஸ் போடுவாங்களா?

மாட்டார்கள். தடை விசைப்படகு கடலுக்குப் போவதற்கு, உங்கள் கடைக்கு இல்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதனால்தான் மே மாசம் கூடலூருக்கு நாடுகாணி வழியாகக் கேரள மீன் தாராளமாக வரும், கொடைக்கானல்காரர்கள் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். நாட்டுப்படகு மீனும் வரத்து உண்டு.

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. வரத்து குறைகிற நாளில்தான் பழைய சரக்கு வெளியே வரும். 2018 ஜூனில் கேரளாவில் "சாகர் ராணி" சோதனையில் ஃபார்மலின் (பிணம் கெடாமல் வைக்கப் போடும் ரசாயனம்) கலந்த மீனைப் பிடித்தது நினைவிருக்கும். கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் ஃபார்மலின், அமோனியா இரண்டுக்கும் சோதனைத் தாள் கண்டுபிடித்திருக்கிறது, நிறம் மாறுவதை வைத்து அங்கேயே தெரிந்துவிடும். மொத்தமாக வாங்குபவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பில் இல்லாத பெட்டியை இறக்காதீர்கள். சிக்கல் வந்தால் யாரிடம் வாங்கினாய் என்பதுதான் முதல் கேள்வி, "உக்கடத்துல ஒரு அண்ணன்" என்பது பதில் ஆகாது.

கருவாடு துபாய்க்கு அனுப்பணும்.

இறக்குமதி ஏற்றுமதி எண் எடுங்கள், கடல்சார் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தில் ஏற்றுமதியாளராகப் பதியுங்கள். தலைமையகம் கொச்சியில். சொந்தத்தில் ஆலை போட வேண்டாம், அங்கீகாரம் உள்ள ஆலையில் வாங்கி அனுப்பும் வணிக ஏற்றுமதியாளராக ஆரம்பியுங்கள்.

காஞ்ச கடல் குதிரை மருந்துக்குக் கேக்கறாங்க, ஒரு நண்பர்கிட்ட இருக்கு.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தடை. கடல் அட்டையும் அப்படியே. நண்பரை மாற்றுங்கள்.

கவர்ல போட்டுக் கொடுக்கலாமா? வாடிக்கையாளர் பாத்திரம் கொண்டு வர மாட்டேங்கிறார்.

பிளாஸ்டிக் கைப்பைக்கு 2019 ஜனவரியிலிருந்து மாநிலம் முழுக்கத் தடை, நீலகிரியில் அதற்கும் முன்பிருந்தே கட்டுப்பாடு. கெடுபிடியும் இங்கே அதிகம். பூவரசு இலையோ வாழை இலையோ வைத்துக் காகிதத்தில் சுற்றலாம். தூக்குவாளி கொண்டு வருபவருக்கு நாலு நெத்திலி கூடப் போடுங்கள், இரண்டு வாரத்தில் எல்லாரும் கொண்டு வருவார்கள். குன்னூரில் ஒரு கடையில் நடந்தது.

கூடலூரில் ஒண்ணு, சுல்தான் பத்தேரியில் ஒண்ணு, ரெண்டு கடை. ரெண்டும் பெருசு. ஒரே லைசென்ஸ் போதுமா சேச்சி?

போதாது. ஒவ்வொரு முகவரிக்கும் தனி, இங்கே தமிழ்நாடு, அங்கே கேரளா. இரண்டு மாநிலத்தில் நடத்துவதால் தலைமை அலுவலகத்துக்கு மத்திய லைசென்ஸ் ஒன்றும் சேரும். எந்தக் கடை பில்லானாலும் அந்தந்த எண் அச்சாகியிருக்க வேண்டும், 2022 ஜனவரியிலிருந்து கட்டாயம்.

மேடம், அந்த 12 லட்சம்...

விற்பனை. விற்பனை. விற்பனை.

பாம்பன்காரர்தான் மறுபடி. சரி, பதிவு போட்டுவிடுகிறேன். அண்ணன் பெயரில் போடவா, என் பெயரில் போடவா?

கடை வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில். கொடைக்கானல் என்பதால் மாவட்டம் திண்டுக்கல் என்று தேர்ந்தெடுங்கள், மாற்றிப் போட்டால் விண்ணப்பம் எங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். அண்ணனிடம் அடுத்த தடவை பெட்டியில் ஐஸ் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள், வத்தலக்குண்டிலேயே பாதி உருகிவிடும்.