கட்டிக்குள் ஒரு கட்டி: கடிதம்

அன்புள்ள ஐயா,

மும்பை செம்பூரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். கிட்னியிலும் தனியாக ஒரு கட்டி இருந்தது, எடுத்துவிட்டார்கள். அந்தக் கிட்னிக் கட்டிக்கு உள்ளேயே நுரையீரல் புற்றுநோய் பரவியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. நுரையீரலில் பயாப்ஸி ஊசி குத்தியதால்தான் பரவியது என்கிறார் சித்தப்பா. பாவக் கணக்கு என்கிறார் அத்தை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

போன வாரம் முழுக்கப் பெரியம்மா ஞாபகமாகவே இருந்தேன். அப்புறம் உங்கள் கடிதம்.

முதலில் சித்தப்பா. ரத்தத்தோடு கலந்து போவது இந்த நோயின் குணம், ஊசியின் குற்றம் இல்லை. இந்தப் பேச்சை நம்பிப் பயாப்ஸியைத் தள்ளிப்போட்டு நோயை முற்றவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். படித்த வீட்டில் இதை ஏன் பேசவிடுகிறீர்கள்? அத்தைக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

ஒரு கட்டிக்குள் இன்னொரு புற்றுநோய் பரவுவது அரிதானதுதான், ஆனால் 1902-லேயே எழுதிவைத்த விஷயம். இரண்டு கட்டிகள் அருகருகே வளர்ந்து முட்டிக்கொள்வது வேறு. இது ஒன்றின் செல் இன்னொன்றுக்குள் குடியேறுவது. அனுப்புவதில் நுரையீரலும் மார்பகமும் முன்னால் நிற்கும். ஏற்பதில் கிட்னிப் புற்றுநோயும், மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமாவும். இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு கிட்னிக்குப் போகிறது. கிட்னிக் கட்டியிலோ ரத்தக் குழாய் ஏராளம், கொழுப்பும், சர்க்கரைச் சேமிப்பான கிளைக்கோஜனும் நிறைய. 1889-இல் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய சர்ஜன், மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, செல் என்ற விதை மட்டும் போதாது, அதை ஏற்கும் மண்ணும் வேண்டும் என்றார்.

பெரியம்மாவுக்கு மார்பகத்தில் ஆபரேஷன் ஆகி ஆறு வருஷம் கழித்துத் தலைவலி. மெனிஞ்சியோமா, சாதாரணக் கட்டி என்றார்கள். மாதுங்காவில் எல்லோரும் நிம்மதியாகக் காபி குடித்தோம். எடுத்துப் பார்த்தால் அதற்குள் மார்பகச் செல்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பிளாக் வேண்டும் என்றார் பெத்தாலஜிஸ்ட். எங்களிடம் ஒரு கட்டைப்பை நிறைய ஸ்கேன் படம் இருந்தது, பிளாக் இல்லை. முதலில் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு மூன்று வாரம் நடந்தேன். ரெக்கார்ட் ரூமில் இல்லை என்றே சொன்னார்கள். கடைசியில் ஓர் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்தார்கள்: சின்ன பிளாஸ்டிக் சட்டம், அதில் வெள்ளை மெழுகு, நடுவில் துவரம்பருப்பு அளவுக்குப் பழுப்பாக ஒரு துணுக்கு. பெரியம்மாவின் சதை. மூன்று வாரமும் மருந்து தொடங்காமல் அவள் காத்திருந்தது அதற்காக.

அதனால்தான் கேட்கிறேன், உங்கள் அப்பாவின் பிளாக் எங்கே? கடிதத்தில் ஸ்கேனைப் பற்றி இல்லை, பிளாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. எந்தச் செல் எங்கிருந்து வந்தது என்று சாயம் ஏற்றித்தான் பார்ப்பார்கள்: அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் டிடிஎஃப்-1 சாயம் பிடிக்கும், கிட்னிக் கட்டி பேக்ஸ்-8 பிடிக்கும். அதைச் சீவிப் பார்ப்பது அந்த மெழுகிலிருந்துதான். ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற மரபணுப் பரிசோதனைக்கும், அதை வைத்து மருந்து முடிவு செய்வதற்கும் அதே துணுக்குதான். பரேலில் டாடா மெமோரியலுக்கு இரண்டாம் கருத்து கேட்கப் போனாலும் ஸ்லைடும் பிளாக்கும் இல்லாமல் போகாதீர்கள். நுரையீரல் பயாப்ஸிக்கும் கிட்னி ஆபரேஷனுக்கும் தனித்தனி பிளாக் இருக்கும். இரண்டையும் கேளுங்கள், நம்பரை எழுதிவையுங்கள், எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். வெட்கப்படாதீர்கள்.

அப்பாவிடமா? சித்தப்பா சொல்வதற்கு முன்னால், பக்கத்தில் உட்கார்ந்து நேராகச் சொல்லுங்கள் அம்மா. அவர் உடம்பு, அவருக்குத் தெரிய வேண்டும்.

பிளாக்கை வாங்கியதும் வெயிலில் ஆட்டோவில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். அது மெழுகு.