வாசகர் கேள்விகள்: காசு கட்டி வாங்கும் கனடா விருது

கேள்வி: எங்கள் அப்பா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். "தலைமைத்துவத்துக்கும் பொதுச்சேவைக்குமான கனடா விருதுக்கு உங்களைத் தெரிவு செய்திருக்கிறோம்" என்று வட்ஸ்அப்பில் ஒருவர் எழுதி, மண்டபச் செலவுக்கும் கேடயத்துக்குமாக ஒன்றரை இலட்சம் ரூபாய் கேட்கிறார். அப்பாவுக்குப் புளுகம் தாங்கவில்லை, எங்களுக்குத்தான் ஐமிச்சமாக இருக்கிறது. – வாசகி, கொக்குவில்

பதில்: காசைக் கட்டிவிடாதீர்கள், பிள்ளை. கனடா நாடு தருகிற பெரிய விருது 'ஓர்டர் ஒஃப் கனடா'. அந்த நாட்டுக்கு நூறு வயது நிறைந்த 1967 இல் தொடங்கியது. அதற்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. யார் பெயரையும் இன்னொருவர் முன்மொழியலாம், பக்கத்து வீட்டுக்காரர் எழுதிப் போட்டாலும் செல்லும். உச்ச நீதிமன்றப் பிரதம நீதியரசர் தலைமையில் இருக்கும் ஒரு சபை எல்லாவற்றையும் பார்த்து ஆளுநர் நாயகத்துக்குச் சிபாரிசு செய்யும். இதற்குள் வட்ஸ்அப்காரர் எங்கே வருகிறார்?

பதக்கம் ஆறு முனையுள்ள வெள்ளைப் பனித்துகள், நடுவில் மேப்பிள் இலை. மூன்று படிகள் உண்டு: ஆக மேலே 'கம்பானியன்', இலை சிவப்பு, அடுத்தது 'ஒஃபிசர்', இலை பொன்னிறம், அதற்கடுத்தது 'மெம்பர்', இலை வெள்ளி. கம்பானியன் படியில் உயிரோடு இருக்கிற கனடாக்காரர் ஒரே நேரத்தில் 165 பேருக்கு மேல் இருக்கமுடியாது. இலையைச் சுற்றி லத்தீனில், 'மேலான நாடொன்றை விரும்புகிறவர்கள்' என்ற கருத்தில் ஒரு வரி. பைபிளில் எபிரெயர் நிருபத்தில் வருவது, இங்கத்தைய வேதக்காரருக்குக் கேட்டவுடனே பிடிபடும்.

அப்பாவிடம் "உங்களை ஏமாத்துறான்" என்று முகத்தில் அடித்தமாதிரிச் சொல்லவேண்டாம். அவருடைய பழைய மாணவர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, தேத்தண்ணியும் வடையும் கொடுத்து, கதைக்கவிட்டுப் பாருங்கள். நானும் பெரிய யோக்கியன் இல்லை. என் அலுமாரியில் பதினொரு பொன்னாடை கிடக்கிறது, அதில் இரண்டு விழாவுக்குக் கதிரை வாடகை கட்டியவன் நான்தான், ஒரு பொன்னாடை இப்போது மனிசியின் தையல் மெசினை மூடிக்கிடக்கிறது.

கேள்வி: கனடாவில் விருது பெற்றால் பெயருக்கு முன்னால் 'சேர்' (Sir) என்று போடலாமா? – வாசகர், வேலணை

பதில்: உங்கள் ஊர் சேர் வைத்திலிங்கம் துரைசுவாமியை நினைத்துக் கேட்கிறீர்கள் போல. போடமுடியாது. பிரித்தானிய மன்னர் எங்கள் குடிமக்களுக்கு இப்படிப் பட்டம் கொடுக்கவேண்டாம் என்று கனடா நாடாளுமன்றம் 1919 இலேயே கேட்டுக்கொண்டது. இந்த விருதில் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துப் போடலாம், அவ்வளவுதான். இங்கேயென்றால் சமாதான நீதவான் என்பதை வாசல் பலகையில் மட்டுமில்லை, மகளின் கலியாணக் கார்டிலும் அடிப்போம்.

கேள்வி: இதை வாங்கினவர்களில் உங்களுக்குப் பிடித்த ஆள் ஆர்? – வாசகர், தெல்லிப்பழை

பதில்: ரெரி பொக்ஸ், வேறு ஆர்? புற்றுநோயில் வலது கால் போன பெடியன். 1980 ஏப்ரலில் செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு, புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்க நாட்டுக்குக் குறுக்கே ஓட வெளிக்கிட்டார். ஒரு நாளைக்கு ஒரு மரதன் தூரம், ஏறக்குறைய 42 கிலோமீற்றர், அதுவும் ஒரு காலால் உந்தி உந்தி. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய் வருகிற தூரத்தை ஆறு ஏழு தடவை ஓடினால் எவ்வளவோ அவ்வளவு, 5,373 கிலோமீற்றர் ஓடி முடித்தபோது நோய் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. 143 நாளோடு ஓட்டம் நின்றது. வழமையாக ஒட்டாவாவுக்குப் போய்த்தான் பதக்கம் வாங்கவேண்டும், இவருக்கு ஊருக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வயது 22, அதுவரை கம்பானியன் ஆனவர்களில் ஆக இளையவர். அடுத்த வருசம் ஜூனில் செத்துப்போனார்.

உங்கள் ஊர்ப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் இப்படியொரு கதை உண்டல்லவா, 2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரைக்கும் நடந்து காசு சேர்த்தார்களே. அந்த நடையில் வந்தவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தவர்களில் நீங்களும் ஒருவரோ தெரியாது.

கேள்வி: இலங்கையில் பிறந்த ஒருவருக்கும் கிடைக்கவில்லையா? – வாசகி, நல்லூர்

பதில்: கிடைத்திருக்கிறது. கொழும்பில் பிறந்த எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி 1988 இல் ஒஃபிசர், பிறகு கம்பானியன். கனடாக்காரர் அல்லாதவருக்கும் கௌரவமாகக் கொடுப்பதுண்டு, 1998 இல் நெல்சன் மண்டேலாவுக்குக் கொடுத்தார்கள்.

கேள்வி: கொடுத்ததைத் திருப்பி வாங்குவார்களா? – வாசகர், சுன்னாகம்

பதில்: ஓம். ஐஸ் ஹொக்கி வீரர்களின் முகவராக இருந்த அலன் ஈகிள்சன் மோசடியை ஒப்புக்கொண்டதும் 1998 இல் அவருடையதைப் பறித்தார்கள், 2014 இல் பத்திரிகை முதலாளி கொன்ராட் பிளாக்கினதும் போனது. என் பொன்னாடைகளைக் கேட்டு இன்னும் ஒருவரும் வரவில்லை. வந்தால் பத்தை உடனே கொடுத்துவிடலாம், பதினோராவதை மனிசி விடமாட்டா.